தீட்டிய அருவாள்

அத்தியாயம் 17

இரண்டு மாதத்துக்கு முன்னால் பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போன சுரேந்தர், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிரித்த முகத்தோடு அண்ணன் கடைக்கு வந்து நின்றான்.

அன்றைக்கு அவன் எழுந்து போனதற்குக் காரணம் இருந்தது. அப்பா அழகேசன் செத்து, துக்க வருடம் கழிந்து வரும் முதல் முனீஸ்வரன் பூஜை இது. உயிரோடு இருந்தவரைக்கும் அழகேசன்தான் பூஜையில் அருவாள் மேல் ஏறி நின்று குறி சொல்வார். இனிமேல் மூத்தவன் கதிரேசன் நிற்கட்டும் என்று உறவுக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். இளையவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிட்டில் இந்தியா கடையில் அப்பாவோடு நின்று தேங்காய் உடைத்தவன் கதிரேசன். படித்து, செங்காங்கில் வீடு வாங்கி, ஆபீஸில் ஏசி அறையில் வேலை பார்ப்பவன் சுரேந்தர். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் பேசிவிட்டு எல்லோரும் சாம்பாரைக் கேட்டு வாங்கினார்கள்.

போன வாரம் சுரேந்தரே போன் செய்தான். "அண்ணே, நிக்கிறது நீ நில்லு. அருவாளை மட்டும் எங்கிட்ட குடு. சுத்தம் பண்ணி நான் கொண்டு வரேன்."

தம்பி பேசியதே போதும் என்று கதிரேசன் அருவாளைக் கொடுத்துவிட்டான். அது இன்றைக்குத்தான் திரும்பி வருகிறது. மாலையில் பூஜை.

சுரேந்தர் தோளில் ஒரு பேட்மிண்டன் மட்டை உறை தொங்கியது.

"என்னடா இது, விளையாடப் போறியா?"

"அருவாள்ணே. வேற எதுல எடுத்துட்டு வரச் சொல்றே?"

"எம்ஆர்டி ரயில்லயா வந்தே?"

"எனக்கென்ன பைத்தியமா லா? கிராப் கார்ல வந்தேன். டிரைவர் அங்கிள், 'யூ பிளே எவ்ரி வீக் ஆ?'ன்னு கேட்டாரு. 'இயர்லி ஒன்ஸ் அங்கிள்'னு சொல்லிட்டேன்."

கதிரேசன் வாய்விட்டுச் சிரித்தான். விரதத்தாடியும் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நின்றவன், இந்த ஒரு மாதத்தில் சிரித்ததை அவன் அம்மா முத்தாயி பார்க்கவில்லை. கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தவள் தலைநிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். ஒரு வயிற்றில் பிறந்ததுகள் ஒன்றாக நின்று சிரிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"உள்ள வந்து எடு. ரோட்டுல வச்சு எடுக்காதே."

வாழையிலைக் கட்டுகளுக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் நின்று சுரேந்தர் உறையைத் திறந்தான். மஞ்சள் துணியைப் பிரித்தான்.

முத்தாயிக்கு அது வேறு அருவாள் மாதிரி தெரிந்தது.

கருங்காலிக் கைப்பிடி. அதில் வெள்ளிக் கம்பியைக் கொடிபோல் பதித்திருக்கும். கைப்பிடியும் இரும்பும் சேருமிடத்தில் பித்தளைப் பூண். இரும்பின் ஒரு பக்கம் சூரியனும் சந்திரனும், மறுபக்கம் ஒரு யாளி. அழகேசனின் அப்பா காலத்திலிருந்து வருவது. ஆனால் அலமாரியில் தூங்குகிற பொருள் இல்லை. வருடம் முழுக்கக் கடையில் தேங்காய் உடைக்கும், இலைக்காம்பு நறுக்கும், இளநீர் சீவும். தேங்காய்த் தண்ணீர் பட்டுப் பட்டுப் பித்தளை கறுத்து, வெள்ளிக் கம்பி இருப்பதே தெரியாமல் போயிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்கக் கேட்டால் அழகேசன், "முதல்ல ஒரு இளநீர் வாங்கச் சொல்லு" என்பார்.

இப்போது வெள்ளிக்கொடி பளிச்சென்று ஓடியது. யாளிக்குக் கண் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

"ஜப்பான் சமையல் கத்தி தீட்டற ஆளு ஒருத்தர் இருக்காருண்ணே. மெஷின் கிடையாது, எல்லாம் கல்லு. ஒண்ணு மாத்தி ஒண்ணா நாலஞ்சு கல்லு. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பாரு."

ஒரு வாழையிலைத் துண்டை விரல் நுனியில் தொங்கவிட்டு அருவாளின் வாயில் சும்மா இறக்கினான். சத்தமே இல்லை. இலை இரண்டாகத் தரையில் கிடந்தது.

"டேய்!" என்றான் கதிரேசன். தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"நல்லாருக்கா? நிஜமாச் சொல்லு."

"அப்பா இருந்தா உன்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடியிருப்பாருடா."

சுரேந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். முத்தாயியின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

எதிர்க்கடை நாகூர் கனி தேங்காய் வாங்க வந்தார். ஆட்டிறைச்சிக் கடைக்காரர். கத்தியைக் கண்டால் சும்மா போகமாட்டார். வாங்கி, கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்து லேசாக இழுத்தார். நகத்திலிருந்து சுருளாகச் சீவல் வந்தது.

"யா அல்லாஹ். நான் ஆட்டு எலும்பு வெட்டற கத்திக்கே இவ்வளவு கூரு வைக்கமாட்டேன் தம்பி. வாய் உடைஞ்சிரும். எதுக்கு இது?"

"வெட்டறதுக்கு இல்ல பாய். சாயங்காலம் அண்ணன் இதுமேல ஏறி நிக்கப் போறாரு."

கனி சிரிக்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கதிரேசனின் வெறுங்கால்களைப் பார்த்தார். ஈரத் தரையில் நின்று நின்று வெளுத்து, ஓரமெல்லாம் வெடித்த கால்கள்.

"உங்க சாமி விஷயம், நான் எதுவும் பேசக்கூடாது. நாளைக்குக் கடை உண்டுல்ல கதிரு?"

"என்ன பாய் இப்படிக் கேக்குறீங்க? திறக்காம?"

"இல்ல, சும்மா கேட்டேன் லா."

"அப்பா முப்பது வருஷம் நின்னாரு பாய்," என்றான் சுரேந்தர். "ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும். முத்தாயி வெற்றிலையைக் கூடையில் வைத்தாள். அவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும்.

சுரேந்தர் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கப் போனதும் அவள் மகன் பக்கத்தில் வந்தாள்.

"கதிரு, இந்த வருஷம் ஏற வேணாம்யா. பொங்கல் வச்சு, படையல் போட்டுக் கும்பிட்டுட்டு வந்துருவோம்."

அவன் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"ஏன்?"

"அப்பா போய் முதல் பூஜை. எதுக்கு அவசரம்?"

"சாமி என்மேல வராதுன்னு நினைக்கிற. அதானே?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அன்னைக்கு சித்தப்பா சொன்னாரு, அத்தை சொன்னாங்க, எல்லாரும் கதிரேசன்னு சொன்னாங்க. நீ ஒருத்திதான் வாயைத் திறக்கல. நான் கவனிச்சேன்." நாரைத் தூர எறிந்தான். "ஒரு மண்டலம் விரதம் இருந்திருக்கேன். தரையில படுக்கிறேன். கறி மீனு தொடல. இதுக்கு மேல என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

அதற்குள் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். கப்பல் பட்டறைப் பையன்கள் நான்கு பேர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், இளநீர் கேட்டார்கள். கதிரேசன் வேறு கத்தியை எடுத்தான். பூஜை அருவாள் மஞ்சள் துணிக்குள் இருந்தது.

"அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சாமி மாடத்துல வைக்கிறேன்," என்றாள் முத்தாயி.

"பார்த்து எடுத்துட்டுப் போ. கையில படாம."

ஃபேரர் பார்க் வீடு கடையிலிருந்து நடக்கிற தூரம். மருமகள் ரஞ்சிதம் பிள்ளைகளோடு காலையிலேயே கோவிலுக்குப் போய்விட்டாள், பொங்கல் வேலை பார்க்க. வீட்டில் ஆள் இல்லை. முத்தாயி சாமி மாடத்தைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனாள். மூலையில் அம்மி கிடந்தது. கதவைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பூஜை. அழகேசன் முதல்முறையாக அருவாள் மேல் ஏறினார். அருவாளை அவரே நன்றாகத் தீட்டியிருந்தார். உறுமி அடித்தது, அருள் வந்தது, ஏறினார். இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக் கிடையாகத் தாங்க, அவர்கள் தோளில் கையை ஊன்றி நின்று குறி சொன்னார். இறங்கும்போதே பாதத்தில் மஞ்சள் துணி சுற்றிவிட்டார்கள். அது வழக்கம். அதனால் யாரும் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தவள் முத்தாயி. உள்ளங்கால் குறுக்கே வெள்ளரிக்காயைக் கீறினாற்போல் திறந்து கிடந்தது.

மறுநாள் அந்தக் காலை ரப்பர் பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு கடைக்குப் போனார். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. ஆணி குத்திவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். ஆணி இப்படி நீளமாகக் குத்துமா என்று டாக்டர் கேட்கவில்லை. கூலிக்காரன் காலைப் பற்றி யாரும் அவ்வளவு விசாரிப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஒற்றைக்காலில் நின்று தேங்காய் உடைத்தார். ஊரெல்லாம் அழகேசன் மேல் நிஜமாகவே முனி வருகிறது என்று பேசியது.

அடுத்த வருடம் பூஜைக்கு முதல் நாள் அருவாளைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு, வெளியே போய்விட்டு வருகிறேன் என்று போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அம்மியில் அருவாளின் வாயைக் குறுக்கே வைத்துத் தேய்த்தாள், கூர் செத்துப் போகிறவரை. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

இந்த வருடமும் செய்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அருவாள் கைக்கு வரவில்லை. வந்தபோது இப்படி வந்திருக்கிறது.

அம்மியில் வாயை வைத்து அழுத்தினாள். இழுத்தாள். கரகரவென்று சத்தம் சமையலறை முழுக்கக் கிளம்பியது. பல் கூசியது. இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை. நான்கைந்து கல்லில் ஏற்றிய கூர், சுலபத்தில் சாகமாட்டேன் என்றது.

கதவு திறந்தது.

"அம்மா! என்ன பண்றே?"

கதிரேசன். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுக் குளிக்க வந்திருக்கிறான்.

அவள் எழுந்திருக்கவில்லை. அருவாளை மறைக்கவும் இல்லை. மறைக்க அது என்ன சின்னப் பொருளா?

"உக்காருய்யா," என்றாள்.

"தம்பி அவ்வளவு ஆசையாத் தீட்டிட்டு வந்திருக்கான். அதைப் போய் அம்மியில..."

"உக்காரு."

உட்கார்ந்தான். அவள் சொன்னாள். வெள்ளரிக்காய் மாதிரி திறந்து கிடந்ததை, ரப்பர் பூட்ஸை, ஆணியை, அம்மியை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவு வருடம் தூக்கிச் சுமந்தது, சொல்லும்போது இத்தனூண்டுதான் இருந்தது.

கதிரேசன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அப்ப அப்பா ஏமாத்தினாரு."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது?"

"மழுங்கின அருவாள் மேல நீ நின்னு பாத்திருக்கியா? அந்த ஒடம்பு கனம் முழுக்க ஒரு இரும்புத் தகடு மேல. ராத்திரி பாதத்துல நீலமாக் கோடு போட்டிருக்கும். ஒத்தடம் குடுக்கிறது நான்தான். ஏறினது பொய்யில்ல. அழுதுக்கிட்டே குறி சொன்னாரே, அது பொய்யில்ல. கால் அறுபடாதுன்னு ஊரு நெனச்சிச்சு பாரு, அது மட்டும்தான் பொய்."

"நீ மழுக்கறது அவருக்குத் தெரியுமா?"

முத்தாயி யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளே அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"பூஜை முடிஞ்ச மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையா அருவாளைத் தீட்டிக்குவாரு. ஏன்டி இப்படி மழுங்கிக் கெடக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கத்தி புடிச்ச கை. தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்திருப்பாரு."

கதிரேசன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு சிரித்தானா, மூச்சு விட்டானா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"ஒரு மண்டலமா பயந்து செத்துக்கிட்டிருக்கேன்மா. ராத்திரி தூக்கம் இல்ல. சாமி வரலேன்னா என்ன பண்றது, வந்தும் அறுத்துச்சுன்னா என்ன பண்றதுன்னு. ரஞ்சிதத்துக்கிட்டகூட சொல்லல. நான் சுத்தமா இல்லையோ, அதனாலதான் பயம் வருதோன்னு இன்னும் ரெண்டு நேரம் பட்டினி கிடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவுக்கும் இந்தப் பயம் இருந்திருக்குல்ல?"

"இருந்துச்சு. அதான் வெளிய போயிருவாரு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மா கையிலிருந்து அருவாளை வாங்கினான். அம்மியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நகரு. உனக்குக் கை வலிக்கும்."

அவன் கையில் வலு இருந்தது. கரகரவென்ற சத்தம் இப்போது ஒரே சீராக வந்தது. யாளியின் பக்கத்தில் புதிதாய்க் கீறல் விழுந்தபோது ஒரு தடவை நிறுத்தினான். பிறகு தொடர்ந்தான். அந்தச் சத்தத்தில் வாசல் கதவு திறந்தது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

"அண்ணே?"

சுரேந்தர் சமையலறை வாசலில் நின்றான். ஒரு கையில் மாலை, ஒரு கையில் எலுமிச்சம்பழப் பை. அம்மியைப் பார்த்தான். அருவாளைப் பார்த்தான்.

"என்னண்ணே பண்றே?"

முத்தாயி வாயெடுத்தாள். கதிரேசன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான், அவள் நின்றுவிட்டாள்.

"பயமா இருந்துச்சுடா," என்றான் கதிரேசன்.

"என்னது?"

"கூரைப் பார்த்ததும் பயம் வந்திருச்சு. கொஞ்சம் மழுக்கிக்கலாம்னு."

சுரேந்தர் பையைக் கீழே போட்டான். பழங்கள் உருண்டு அடுப்புக்கு அடியில் போயின. யாரும் குனியவில்லை.

"அப்பா நின்னது இதே அருவாள்ல. அப்பா மழுக்கினாரா?"

கதிரேசன் அருவாளில் ஒட்டிய கல்பொடியைத் துடைத்தான்.

"சொல்லுண்ணே, அப்பா மழுக்கினாரா?"

"இல்ல."

பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, ஒரு சொல்லில் மகன் அப்பனைக் காப்பாற்றிவிட்டான். அதற்குக் கொடுத்தது தன் மானத்தை.

"என்னை ஒருத்தரும் கேக்கலல்ல?" சுரேந்தர் ஒரு அடி உள்ளே வந்தான். "கடையில நிக்கிறவனுக்குத்தான் சாமி வரும், ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு வராதுன்னு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாங்கல்ல? நான் எதுவும் சொன்னேனா? எந்திரிச்சுப் போனேன், அவ்வளவுதான். சரி, அண்ணனுக்கு அருவாளாவது தீட்டிக் குடுப்போம்னு லீவு போட்டு அந்த ஆளு பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ அம்மியில போட்டுத் தேய்க்கிறே."

"தம்பி..."

"குடு அதை."

"சுரேந்தர், கேளு..."

"குடுண்ணே. நீ நிக்க வேணாம். நான் நிக்கிறேன்."

அருவாளை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். பேண்ட் பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தான். தீட்டிக் கொடுத்த ஆள், வீட்டில் வைத்துக்கொள் என்று கொடுத்ததாம். தண்ணீர் தெளித்து, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். அந்த ஆள் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் கை, மெதுவாக ஆனால் தப்பில்லாமல் போய்வந்தது. ஸ்ஸ், ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். அம்மியின் கரகரப்பைவிட இது முத்தாயியின் பல்லை அதிகமாகக் கூச வைத்தது.

லாரி புறப்படுகிற நேரம் வரைக்கும் அவன் தலையைத் தூக்கவில்லை. கடைசியாக மாலையிலிருந்து ஒரு சாமந்தியை உருவி வாயில் இறக்கினான். இதழ்கள் இரண்டாகப் பிரிந்து விழுந்தன. திருப்தியோடு துணியைச் சுற்றினான்.

தேங்காய் ஏற்றுகிற லாரியின் முன்சீட்டில் மூன்று பேர். கதிரேசன் ஓட்டினான். சுரேந்தர் ஜன்னல் ஓரம். நடுவில் முத்தாயி. அருவாள் அவள் மடியில் இருந்தது. கோவில் இருக்கும் துவாஸ் பக்கம் போகிற நெடுஞ்சாலையில் வண்டி ஏறியதும் மழை பிடித்தது. பாதி வழியில் சுரேந்தர், "காலையில காபி குடிச்சேன், பரவால்லையா?" என்று கேட்டான். அவன் விரதம் இருக்கவில்லை. விரதமும் இல்லை, பழக்கமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அந்தக் கோபத்தில் ஏறி நின்றுவிடுவான். உறுமிச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் அவனுக்கு வலிகூடத் தெரியாது. தெரிவது நாளைக்கு.

"பரவால்ல," என்றான் கதிரேசன்.

பட்டறைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னக் கோவில். மழைக்கு ஒதுங்கின கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. ரஞ்சிதம் பொங்கல் பானை பக்கத்திலிருந்து கையசைத்தாள். உறுமிக்காரன் மேளத்தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

சுரேந்தர் இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டுக் குழாயடிக்குப் போனான். வெள்ளையாக, மெத்தென்று, ஆபீஸ் ஷூவுக்குள் வளர்ந்த கால்கள். கழுவ ஆரம்பித்தான்.

முத்தாயி லாரியை விட்டு இறங்கவில்லை.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள்.

கதிரேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். "சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? அவன் சும்மா இருக்கமாட்டான். இத்தனை பேருக்கு முன்னாடி கத்துவான். அப்பா பேரு போயிரும்மா. இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் அவர்கிட்ட குறி கேட்டவங்க. புள்ளைக்கு வேலை, பொண்ணுக்குக் கல்யாணம்னு நம்பிப் போனவங்க. கொஞ்சம் அறுத்தாலும் அறுக்கட்டும், ஆறிடும். அப்பாவுக்கு ஆறலயா?"

"ஆறின காலைத் தொட்டுப் பாத்தவ நான். கடைசி வரைக்கும் அந்த எடத்துல அவருக்கு உணர்ச்சியே இல்ல."

"பேரு?"

"பேருக்குக் கால் கிடையாதுய்யா. இவனுக்கு இருக்கு."

மடியிலிருந்த அருவாளை எடுத்து மூத்தவன் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள். மழைத் தூறல் முகத்தில் அடித்தது. உறுமி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். சித்தப்பா வாசலில் நின்று, "கதிரேசா, நேரமாச்சு!" என்று குரல் கொடுத்தார்.

"சுரேந்தர்," என்று கூப்பிட்டாள் முத்தாயி.

அவன் ஈரக்காலோடு திரும்பினான். நெற்றியில் அதற்குள் விபூதி. "என்னம்மா?"

"இங்க வா. உங்கப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா? மேளம் ஆரம்பிச்சிருச்சும்மா."

"நிக்கட்டும்," என்றாள் அவள். பிறகு, அந்தக் கூட்டத்தில் இதுவரை குரல் உயர்த்திப் பேசியே இராதவள், வாசலைப் பார்த்துத் திரும்பி, உறுமிக்காரனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "தம்பி, மேளத்தை நிறுத்துப்பா."

உறுமி நின்றது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.